ஒரு நிமிடம்கூட ஆடாத உலக சாம்பியன்!

ஆட்டம் தாண்டி... வாரம் ஒரு வீரரின் கதை

‘ரெய்னா’ என்றதும் பாதிப் பேருக்கு மஞ்சள் ஜெர்சியில் ‘சின்ன தல’ ஞாபகம் வந்திருக்கும். இவர் வேறு ரெய்னா. ஸ்பெயின்காரர், கால்பந்து கோல் கீப்பர். முழுப்பெயர் ஹோஸே மனுவேல் ரெய்னா. ஹோஸே என்று பெயர் வைத்தவர்களை ஸ்பெயினில் செல்லமாக ‘பெப்பே’ என்று கூப்பிடுவார்கள். அதனால் உலகத்துக்கே அவர் பெப்பே ரெய்னா. ஸ்பானிஷ் மொழியில் ‘ரெய்னா’ என்றால் ராணி என்று அர்த்தம்.

சரி, ஒரு சின்ன க்விஸ். 2010-ல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியின் கோல் கீப்பர் யார்? கால்பந்து பார்ப்பவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: இகர் கஸியாஸ். சரியான பதில்தான். ஆனால், அன்று தங்கப் பதக்கம் வாங்கிய கோல் கீப்பர்கள் மூன்று பேர். மற்ற இருவரில் ஒருவர்தான் நம் ரெய்னா.

இவருடைய கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2006, 2010, 2014, 2018 என நான்கு உலகக் கோப்பைகளுக்கான ஸ்பெயின் அணியில் இருந்தார். நான்கிலும் சேர்த்து ஆடியது ஒரே ஒரு மேட்ச். 2008, 2012 என இரண்டு யூரோ கோப்பைகள். இரண்டிலும் சேர்த்து ஆடியது ஒரே ஒரு மேட்ச். ஆக, ஆறு பெரிய தொடர்கள், இரண்டு மேட்ச். ஆனால், அலமாரியில் இருப்பது ஒரு உலகக் கோப்பைப் பதக்கமும் இரண்டு யூரோ பதக்கங்களும்! அதில் உலகக் கோப்பை வென்ற அந்த 2010 தொடரில் அவர் களத்தில் இருந்த நேரம்... பூஜ்யம் நிமிடம்.

இதைப் படித்ததும் ‘பாவம்’ என்று தோன்றுகிறதா, ‘கொடுத்துவைத்தவர்’ என்று தோன்றுகிறதா? பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிந்ததும் மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

அப்பா வாங்கிய கடைசி நிமிட கோல்

ரெய்னா பிறந்தது 1982 ஆகஸ்ட் 31, மாட்ரிட்டில். வீட்டிலேயே ஒரு கோல் கீப்பர் இருந்தார். அப்பா மிகேல் ரெய்னா, பார்சிலோனா, அத்லெட்டிகோ மாட்ரிட் என ஸ்பெயினின் இரண்டு பெரிய கிளப்புகளுக்கு ஆடியவர். ஒரு சீசனில் மேட்ச் சராசரிப்படி மிகக் குறைவாக கோல் வாங்கும் கீப்பருக்கு அங்கே ‘ஸமோரா’ விருது கொடுப்பார்கள். அதை இரண்டு முறை வாங்கியவர். 1972-73 சீசனில் பார்சிலோனாவுக்காகத் தொடர்ந்து 824 நிமிடங்கள் ஒரு கோல்கூட விடாமல் நின்றார். அந்த கிளப்பில் கிட்டத்தட்ட நாற்பது வருடங்கள் உடையாமல் இருந்த சாதனை அது.

ஆனால், ஐரோப்பாவில் மிகேல் ரெய்னா பெயரைச் சொன்னால் பலருக்கும் ஞாபகம் வருவது அவர் தடுத்த பந்துகள் இல்லை, தடுக்க முடியாமல் போன ஒரு பந்து.

1974, பிரஸ்ஸல்ஸ். ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. அத்லெட்டிகோ மாட்ரிட்டும் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கும் மோதுகின்றன. கூடுதல் நேரத்தில், 114-வது நிமிடத்தில், அத்லெட்டிகோவின் லூயிஸ் அரகோனஸ் ஃப்ரீ கிக்கில் அட்டகாசமாக ஒரு கோல் போடுகிறார். கோப்பை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. விசில் ஊத வேண்டியதுதான் பாக்கி. அப்போது பேயர்னின் டிஃபெண்டர் ஷ்வார்ட்ஸன்பெக் வெகுதூரத்திலிருந்து ஒரு உதை விட்டார். பந்து வலைக்குள். ஸ்கோர் 1-1. அந்தக் காலத்தில் இறுதிப் போட்டிக்குப் பெனால்டி ஷூட் அவுட் கிடையாது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஆடினார்கள். பேயர்ன் 4-0 என வென்றது.

ஒரு ஸ்ட்ரைக்கர் பத்து வாய்ப்பைக் கோட்டைவிட்டு ஒன்றை கோலாக்கினால் ஹீரோ. கோல் கீப்பர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றைத்தான் வருடக்கணக்கில் டி.வி-யில் போட்டுக்காட்டுவார்கள். அது எப்படிப்பட்ட வேலை என்பதைக் கூடவே இருந்து பார்த்த அப்பா வீட்டிலிருந்த போதும், மகன் அதே க்ளவுஸைத்தான் மாட்டினார்.

ஒரே பள்ளி, இரண்டு கீப்பர்கள்

பார்சிலோனா கிளப்பின் ‘லா மாஸியா’ பயிற்சிப் பள்ளி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெஸ்ஸி, ஸாவி, இனியெஸ்டா எல்லாம் வளர்ந்த இடம். ரெய்னாவும் அங்கேதான் வளர்ந்தார். 2000-01 சீசனில், 18 வயதிலேயே பார்சிலோனாவின் சீனியர் அணிக்கு ஆட ஆரம்பித்துவிட்டார். அந்த சீசனில் யூஈஎஃப்ஏ கோப்பை அரையிறுதி வரை போய், லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் ஒரு பெனால்டி கோலில் தோற்றது பார்சிலோனா. அன்று கோலில் நின்றது ரெய்னாதான். அந்த மைதானம் பின்னாளில் தன் வீடாகும் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது.

ஆனால், லா மாஸியாவில் இன்னொரு பையனும் இருந்தார். ரெய்னாவை விட ஏழு மாதம் மூத்தவர். பெயர் விக்டர் வால்டெஸ். பார்சிலோனாவின் கோல் போஸ்ட் கடைசியில் அவர் வசம் போனது. அப்பா ரெய்னாவின் 824 நிமிட சாதனையை 2011-ல் முறியடித்ததும் அதே வால்டெஸ்தான்.

ரெய்னா 2002-ல் வில்லாரியல் கிளப்புக்குக் கிளம்பினார். சின்ன ஊர், சின்ன கிளப். ஆனால், தினமும் ஆட இடம் கிடைத்தது. மூன்றே சீசனில் அந்த கிளப் ஸ்பெயின் லீகில் மூன்றாம் இடம் பிடித்து, முதன்முறையாக சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதிபெற்றது. பெரிய இடத்தில் உட்கார்ந்திருப்பதை விட சின்ன இடத்தில் நின்று ஆடுவது மேல் என்று 20 வயதில் எடுத்த முடிவு, அவரை லிவர்பூலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

லிவர்பூலில் அவர்தான் ராஜா

2005 மே மாதம். இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் 0-3 எனப் பின்தங்கியிருந்த லிவர்பூல், சமன் செய்து ஷூட் அவுட்டில் மிலனை வீழ்த்தியது. கோல் கோட்டில் காலை ஆட்டி ஆட்டி எதிரணியைக் குழப்பி, பெனால்டிகளைத் தடுத்த போலந்துக்காரர் யெர்ஸி டூடெக்தான் அன்றைய ஹீரோ. அடுத்த சீசனில் அவருக்கு என்ன பரிசு கிடைத்தது தெரியுமா? பெஞ்ச்! பயிற்சியாளர் ரஃபா பெனிடெஸ் வில்லாரியலிலிருந்து ரெய்னாவைக் கூட்டி வந்துவிட்டார்.

ரெய்னாவும் ஏமாற்றவில்லை. முதல் சீசனிலேயே லிவர்பூல் தொடர்ச்சியாக 11 ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. இங்கிலாந்து பிரீமியர் லீகில் அதிக ஆட்டங்களில் கோல் விடாத கீப்பருக்குத் தரும் ‘கோல்டன் க்ளவ்’ விருது 2006, 2007, 2008 என மூன்று வருடம் வரிசையாக அவருக்கே.

பெனால்டி என்றால் இன்னும் குஷி. 2006 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக மூன்று கோல் வாங்கினார். கேப்டன் ஸ்டீவன் ஜெரார்டின் கடைசி நேர கோலில் அணி பிழைத்தது. ஷூட் அவுட்டில் வெஸ்ட் ஹாம் அடித்த நான்கில் மூன்றைத் தடுத்து, வாங்கியதற்கு வட்டியோடு திருப்பிக்கொடுத்தார். 2007 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் செல்ஸியின் ஆர்யன் ராபன், ஜெரேமி இருவரின் பெனால்டிகளையும் தடுத்து அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார்.

அந்த இறுதிப் போட்டியில் ஏதென்ஸ் நகரில் மிலனிடம் 1-2 எனத் தோல்வி. அப்பா 1974-ல், மகன் 2007-ல். ஐரோப்பாவின் மிகப்பெரிய கிளப் கோப்பையின் இறுதி வரை போய், இரண்டு பேருமே கோப்பை இல்லாமல் திரும்பினார்கள்.

சிரிப்பான சோகம் ஒன்றும் உண்டு. 2009 அக்டோபரில் சண்டர்லாண்ட் அணிக்கு எதிரான மேட்ச். லிவர்பூல் ரசிகர்கள் பக்கமிருந்து ஒரு சிவப்பு நிற பீச் பால், அந்தக் காற்றடைத்த பெரிய பிளாஸ்டிக் பந்து, மைதானத்துக்குள் விழுந்தது. டேரன் பென்ட் அடித்த நிஜப் பந்து அந்த பீச் பாலில் பட்டுத் திசைமாறி கோலுக்குள் போனது. வெளிப்பொருள் குறுக்கே வந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதுதான் விதி. ஆனால், நடுவர் கோல் கொடுத்துவிட்டார். லிவர்பூல் தோற்றது 0-1. ஒரே நேரத்தில் இரண்டு பந்துகள் வந்தால் எதைப் பிடிப்பது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தருவதில்லையே!

இப்போது முக்கியமான ஒரு புள்ளிவிவரம். 2007-08 முதல் 2010-11 வரை நான்கு சீசன்கள். பிரீமியர் லீகில் சீசனுக்கு 38 ஆட்டங்கள், மொத்தம் 152. அத்தனையிலும் லிவர்பூலின் கோலில் நின்றவர் ரெய்னா. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அதே நான்கு வருடங்களில்தான் ஸ்பெயின் ஒரு யூரோவையும் ஒரு உலகக் கோப்பையையும் வென்றது. இங்கிலாந்தில் யாராலும் நகர்த்த முடியாத ஆள், தன் நாட்டு ஜெர்சி போட்டதும் பெஞ்சில்.

இரண்டாவது கீப்பருக்கு ஏன் கதவே திறக்காது?

காரணத்துக்கு ஒரே பெயர்தான். இகர் கஸியாஸ். ரெய்னாவை விட ஒன்றேகால் வயது மூத்தவர். ரியல் மாட்ரிட்டின் செல்லப்பிள்ளை. ஸ்பெயினுக்காக ஆடியது 167 ஆட்டங்கள். ரெய்னாவுக்குக் கிடைத்தது 36.

மற்ற இடத்தில் ஆடுபவர்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. இரண்டாவது ஸ்ட்ரைக்கர் என்றால் கடைசி 20 நிமிடமாவது இறக்கிவிடுவார்கள். இடதுபக்கம் இடமில்லை என்றால் வலதுபக்கம் ஆடலாம். கோல் கீப்பருக்கு மாற்று இடமே கிடையாது. இருப்பதே ஒரு போஸ்ட், ஒரு ஆள். முதல் கீப்பருக்கு அடிபட வேண்டும், இல்லை சிவப்பு அட்டை வாங்க வேண்டும், இல்லையென்றால் முடிவு முக்கியமில்லாத ஆட்டமாக இருக்க வேண்டும். தோனி இருந்த காலத்தில் மற்ற விக்கெட் கீப்பர்களின் நிலைமை ஞாபகம் இருக்கிறதா? அதேதான். அதிலாவது நன்றாக பேட்டிங் செய்தால் பேட்ஸ்மேனாக உள்ளே வரலாம். கால்பந்தில் அந்த சந்து வழியும் கிடையாது.

பயிற்சியாளர்கள் கீப்பரை அடிக்கடி மாற்றவும் விரும்ப மாட்டார்கள். முன்னால் நிற்கும் டிஃபெண்டர்களுக்கும் கீப்பருக்கும் நடுவே ஒரு பேச்சுவழக்கு இருக்கும். எப்போது வெளியே வருவார், எப்போது கோட்டிலேயே நிற்பார், எந்தப் பந்தை ‘எனக்கு விடு’ என்று கத்துவார் என்பதெல்லாம் ஆடி ஆடிப் பழகுவது. அதைக் கலைத்தால் கோல் விழும் என்ற பயம்.

அப்படியானால் இரண்டாவது கீப்பருக்கு வேலை? நிறைய! தினமும் பயிற்சியில் முதல் கீப்பருக்குச் சமமாக விழுந்து எழ வேண்டும். மேட்ச் அன்று அவருக்கு வார்ம் அப் கொடுக்க, அவர் கைகளைத் தயார்படுத்தப் பந்து அடித்துத் தர வேண்டும். எதிரணி எப்படி அடிக்கும் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். இதெல்லாம் முடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, எந்த நொடியும் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம் என்ற மனநிலையில் 90 நிமிடம் இருக்க வேண்டும். இதில் கொஞ்சம் எரிச்சல் காட்டினாலும் அது மொத்த டிரெஸ்ஸிங் ரூமுக்கும் பரவும். உங்கள் இடத்தில் நிற்பவரை நீங்களே தயார்செய்து அனுப்ப வேண்டும் என்பது லேசுப்பட்ட விஷயமா?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். லிவர்பூலில் ரெய்னாவுக்குப் பின்னால் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். பிரேசிலின் டியகோ கவலியேரி இரண்டு சீசன் அங்கே இருந்தார். லீகில் ஒரு மேட்ச்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் ரெய்னா! பெஞ்சுக்குப் போன டூடெக் என்ன ஆனார் என்கிறீர்களா? 2007-ல் ரியல் மாட்ரிட் போனார். அங்கே யாருக்கு இரண்டாவது கீப்பர்? கஸியாஸுக்கு! ரெய்னா நகர்த்திவிட்ட ஆளும், ரெய்னாவும் ஒரே ஆளுக்குப் பின்னால் காத்திருந்தார்கள்.

அப்பாவின் நண்பர் கொடுத்த வாய்ப்பு

2005 ஆகஸ்டில் உருகுவேக்கு எதிராக ஸ்பெயினுக்காக முதன்முதலில் ஆடினார் ரெய்னா. அப்போது பயிற்சியாளர் யார் தெரியுமா? லூயிஸ் அரகோனஸ். ஆமாம், 1974 இறுதிப் போட்டியில் கோல் போட்டு, பிறகு மிகேல் ரெய்னாவோடு சேர்ந்து தோல்வியைச் சுமந்த அதே அரகோனஸ். பிறகு அத்லெட்டிகோவுக்கே பயிற்சியாளராகி, மிகேல் ரெய்னாவைக் கீப்பராக வைத்து 1977-ல் லீக் கோப்பையையும் வென்றவர். அப்பாவோடு ஆடியவர் மகனை நாட்டுக்காக இறக்கிவிட்டார்.

2008 யூரோவில், அடுத்த சுற்று உறுதியான பிறகு கிரீஸுக்கு எதிரான ஆட்டத்தில் ரெய்னாவை ஆடவைத்தார் அரகோனஸ். ஸ்பெயின் 2-1 என வென்றது. அதன்பின் மறுபடி பெஞ்ச். வியன்னாவில் ஜெர்மனியை வென்று ஸ்பெயின் கோப்பையைத் தூக்கியது. 44 வருடங்களுக்குப் பிறகு கிடைத்த யூரோ அது.

அன்று பதக்க மேடையில் ஒரு காட்சி. ஸ்பெயினின் மூன்றாவது கீப்பர் ஆண்ட்ரெஸ் பலோப் ஒரு பழைய ஜெர்சி போட்டுக்கொண்டு பதக்கம் வாங்க வந்தார். 1984 யூரோ இறுதிப் போட்டியில் லூயிஸ் அர்கொனாடா அணிந்த ஜெர்சி. அந்தப் போட்டியில் ஃபிரான்ஸின் மிஷேல் பிளாட்டினி அடித்த ஃப்ரீ கிக், அர்கொனாடாவின் உடம்புக்கு அடியில் நழுவி கோலாகி, ஸ்பெயின் தோற்றது. மிகப்பெரிய கீப்பராக இருந்தும் அந்த ஒரு பந்து அவரை விடவில்லை. 2008-ல் பதக்கம் கொடுக்க மேடையில் நின்றவர் யூஈஎஃப்ஏ தலைவர் பிளாட்டினியேதான்! தொடரில் ஒரு நிமிடம்கூட ஆடாத கீப்பர், 24 வருடங்களாகக் குத்தப்பட்ட இன்னொரு கீப்பருக்காக அந்தப் பதக்கத்தை வாங்கினார். கீப்பர் வலி கீப்பருக்குத்தான் தெரியும்.

அந்த ஒரு பெனால்டி

இப்போது 2010-க்கு வருவோம். ஜூலை 3, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பைக் காலிறுதி, ஸ்பெயின் - பராகுவே. நம்மூரில் நள்ளிரவு 12 மணிக்கு ஆரம்பித்த ஆட்டம். கோல் எதுவும் விழவில்லை. இரண்டாம் பாதியில் ஸ்பெயினின் ஜெரார்ட் பிக்கே பெனால்டி பாக்ஸுக்குள் பராகுவே வீரரை இழுத்துப்பிடிக்க, பெனால்டி. அடிக்க வந்தவர் ஆஸ்கர் கார்டோஸோ.

பெனால்டி தூரம் 11 மீட்டர். பலமாக அடித்த பந்து அரை நொடிக்குள் கோட்டைத் தாண்டிவிடும். பந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் பாய்ந்தால் நேரம் போதாது. அதனால் கீப்பர் முன்கூட்டியே ஒரு பக்கத்தை முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்கு உதவும் எந்தத் தகவலும் தங்கம்.

கஸியாஸ் தன் இடதுபக்கம் பாய்ந்தார். பந்து அங்கேதான் வந்தது. தட்டிவிடவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்த சில நிமிடங்களில் ஸ்பெயினுக்கும் ஒரு பெனால்டி கிடைத்து, அதுவும் வீணானது. 83-வது நிமிடத்தில் டேவிட் வியா அடித்த பந்து போஸ்ட்டில் பட்டு உள்ளே போக, ஸ்பெயின் 1-0 என ஜெயித்தது. கார்டோஸோவின் பெனால்டி கோலாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஸ்பெயின் ரசிகர்கள் இன்றும் நினைத்துப் பார்க்க விரும்ப மாட்டார்கள்.

மேட்ச் முடிந்ததும் கஸியாஸ் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார். கார்டோஸோ எந்தப் பக்கம் அடிப்பார் என்று தனக்குச் சொன்னது ரெய்னா என்றார். பாராட்டு அவருக்கும் சேர வேண்டும் என்றார்.

ரெய்னாவுக்கு எப்படித் தெரியும்? மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். 2010 ஏப்ரல் 1, யூரோப்பா லீக் காலிறுதி. லிஸ்பனில் லிவர்பூலும் போர்ச்சுகலின் பென்ஃபிகாவும் ஆடின. பென்ஃபிகாவின் ஸ்ட்ரைக்கர் கார்டோஸோ. அன்று அவர் இரண்டு பெனால்டிகள் அடித்தார். எதிரே நின்ற ரெய்னாவால் இரண்டையும் தடுக்க முடியவில்லை. லிவர்பூல் 1-2 எனத் தோற்றது.

தன்னை இரண்டு முறை ஏமாற்றிய காலை ரெய்னா மறக்கவில்லை. ஏப்ரலில் அவர் வாங்கிய அடி, ஜூலையில் தன் இடத்தில் நின்ற இன்னொருவருக்குப் பாடமாகப் போனது. பெஞ்சில் இருப்பவர் எல்லோரும் இதைச் செய்வார்களா என்று யோசித்துப் பாருங்கள். ஸ்கோர் போர்டில் அவர் பெயர் வராது. சேவ் கணக்கிலும் வராது. ஆனால், ஸ்பெயின் கால்பந்தின் மிகப்பெரிய கோப்பை அந்த ஒரு காதோரத் தகவலையும் தாண்டித்தான் வந்தது.

மைக் அவர் கையில்

ஸ்பெயின்காரர்களைக் கேட்டால் ரெய்னாவைப் பற்றி அவர்கள் முதலில் சொல்வது பெனால்டி கதையாக இருக்காது. 2008-ல் கோப்பையோடு மாட்ரிட் திரும்பியபோது, கொலோன் சதுக்கத்தில் மக்கள் வெள்ளம். மேடையில் மைக்கைப் பிடித்தவர் ரெய்னா. ஒவ்வொரு வீரரையும் கலாய்த்து, பாட்டுப் பாடி, ஆட்டம் போட்டு அறிமுகம் செய்தார். 2010-ல் உலகக் கோப்பையோடு வந்தபோதும் மைக் அவர் கையில்தான். கோல் போட்டவர்கள், பெனால்டி தடுத்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக அவர் கூப்பிடக் கூப்பிட முன்னால் வந்தார்கள்.

ரியல் மாட்ரிட், பார்சிலோனா என வருடம் முழுக்க மோதிக்கொள்ளும் கிளப்புகளின் வீரர்கள் கலந்த அணி அது. மாசக்கணக்கில் ஒரே ஹோட்டலில், சாப்பாட்டு மேஜையில், பஸ்ஸில் கூட இருக்க வேண்டும். அங்கே சிரிப்பைக் கொண்டுவரும் ஆள் எவ்வளவு முக்கியம் என்பது, கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நன்றாகவே புரியும்.

கடைசியாகக் கிடைத்த 90 நிமிடம்

2014, பிரேசில். உலக சாம்பியனாகப் போன ஸ்பெயின், நெதர்லாந்திடம் 1-5, சிலியிடம் 0-2 எனத் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. இனி ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்ற நிலையில், ஜூன் 23 அன்று குரிட்டிபா நகரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான கடைசி ஆட்டம். பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கே கோலில் நிறுத்தியது ரெய்னாவை.

31 வயதில், மூன்றாவது உலகக் கோப்பையில், முதல்முறையாகக் களமிறங்கினார். ஸ்பெயின் 3-0 என ஜெயித்தது. 2018-ல் அவர் மறுபடி அணியில் இருந்தும் ஆடவில்லை. ஆக, உலகக் கோப்பை வரலாற்றில் ரெய்னாவின் கணக்கு: ஆடியது 1, வென்றது 1, வாங்கிய கோல் 0. யாராலும் குறை சொல்ல முடியாத ரெக்கார்டு!

முதல் இடமும் நிரந்தரம் இல்லை

இதே சமயத்தில் கஸியாஸுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 2013 ஜனவரியில் அவருக்குக் கையில் அடிபட்டது. டியகோ லோபஸை வரவழைத்தது ரியல் மாட்ரிட். கஸியாஸ் குணமாகி வந்தபோது இடம் காலியாக இல்லை. உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் சொந்த கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்தார். 2016 யூரோவில் ஸ்பெயினின் முதல் கீப்பர் டேவிட் டி கியா. கஸியாஸ் அந்தத் தொடரில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. பல வருடம் ரெய்னா உட்கார்ந்த இடத்தில் அந்த முறை அவர் உட்கார்ந்திருந்தார்.

முதல் இடம் என்பது யாருக்கும் எழுதிக்கொடுத்த பட்டா இல்லை. அதில் இருக்கும்போது எப்படி இருக்கிறோம் என்பதைப் போலவே, அதிலிருந்து இறங்கும்போது எப்படி இருக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். ரெய்னாவுக்கு அந்தப் பாடம் சின்ன வயதிலேயே பழகிவிட்டது.

42 வயது வரை

லிவர்பூலுக்காக மொத்தம் 394 ஆட்டங்கள். 2013-ல் இத்தாலியின் நேப்போலிக்குப் போனார். அதுவரை பெனால்டி அடித்தால் கோல் என்று பெயரெடுத்திருந்த மரியோ பலோடெல்லியின் பெனால்டியை, போன வேகத்தில் மிலன் மைதானத்திலேயே தடுத்தார். 2014-ல் பேயர்ன் மியூனிக். அப்பாவின் கோப்பையைக் கடைசி நிமிடத்தில் பறித்த அதே கிளப்! அங்கே மானுவல் நாயருக்கு அடுத்த இடம். சில ஆட்டங்களே கிடைத்தன, ஆனால் ஜெர்மன் லீக் பதக்கம் வந்தது. மறுபடி நேப்போலி. பிறகு மிலன். அங்கே முதல் கீப்பர் ஜியான்லூயிஜி டொன்னரும்மா, ரெய்னாவை விட 16 வயது சின்னவர். அங்கிருந்து ஆஸ்டன் வில்லாவுக்கு லோனில் போயிருந்தபோதுதான் 2020-ல் கொரோனா அறிகுறிகளோடு வீட்டில் முடங்கினார். சில நிமிடங்கள் மூச்சே விட முடியாமல் தவித்ததைப் பின்னர் பேட்டியில் சொன்னார்.

அதோடு ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால், லாட்ஸியோவில் 38 வயதில் முதல் கீப்பராக சாம்பியன்ஸ் லீக் ஆடினார். பிறகு, 20 வயதில் தன்னை நம்பிய வில்லாரியலுக்கே திரும்பினார். கடைசி சீசன் இத்தாலியின் கோமோவில். பயிற்சியாளர் செஸ்க் ஃபாப்ரிகாஸ். 2008, 2010, 2012 என மூன்று கோப்பைகளையும் ரெய்னாவோடு சேர்ந்து வென்றவர். கூட ஆடிய தம்பி பயிற்சியாளராக நிற்க, அண்ணன் இன்னும் க்ளவுஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

2025 மே 23. இன்டர் மிலனுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். 42 வயது. கைதட்டலோடு வழியனுப்பும் காட்சியைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முதல் பாதி முடியும் நேரத்தில், தனியாக ஓடி வந்த இன்டர் வீரரைத் தடுக்க வெளியே ஓடி வந்தார். மோதல். சிவப்பு அட்டை. 25 வருடக் கால்பந்து வாழ்க்கை அப்படி முடிந்தது. சினிமாவாக இருந்தால் திரைக்கதை சரியில்லை என்போம். ஆனால், கோல் கீப்பரின் வேலையே அதுதான். ஆபத்து வந்தால் கோட்டில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. கடைசி மேட்ச் என்பதற்காக அவர் ஒதுங்கி நிற்கவில்லை.

அதே இரவில்தான் அவருடைய பழைய கிளப் நேப்போலி, இத்தாலி லீக் கோப்பையை வென்றது. பெப்பே இருந்த காலத்தில் கிடைக்காத கோப்பை!

இப்போது வில்லாரியலின் இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் ஆகியிருக்கிறார். ஆரம்பத்தில் கேட்ட கேள்வியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாவமா, கொடுத்துவைத்தவரா? இரண்டுமே இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பாவம் என்றால், நான்கு சீசன் ஒரு மேட்ச்கூட விடாமல் லிவர்பூலில் நின்றதை மறந்துவிடுகிறோம். அதிர்ஷ்டம் என்றால், கார்டோஸோவின் காலை ஞாபகம் வைத்திருந்த உழைப்பை மறந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு ஆபீஸிலும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரெய்னா இருப்பார். போட்டோவில் ஓரமாக நிற்பவர். கூப்பிட்டால் ஓடி வரத் தயாராக இருப்பவர். தனக்குக் கிடைக்காத இடத்தில் இருப்பவருக்கும், தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பவர். அடுத்த முறை வீட்டில் ஒரு நல்ல காரியம் முடிந்து எல்லோரும் கைதட்டும்போது, கஸியாஸ் செய்ததை நாமும் செய்யலாம். அவர் பெயரை எல்லோர் முன்னாலும் ஒரு முறை சொல்லலாம்.

உங்களுக்குத் தெரிந்த அந்த ரெய்னா யார்? கமென்ட்டில் சொல்லுங்கள். அடுத்த வாரம் இன்னொரு வீரரோடு சந்திப்போம்!